செம்மொழி பிணவறைக்குப் போன காரணங்கள்

1

இந்தக் கதையை ஒரு பெண்ணைத் திட்டுவதற்காகத்தான் எழுத ஆரம்பித்தேன். பிறகு எல்லாம் வேறு பக்கம் போய்விட்டது. ஆனாலும் ஆரம்பம் அதுதான் என்பதைத் தெரிந்துகொண்டே நீங்கள் உள்ளே வாருங்கள்.

என் தம்பி மதிவாணன், பாபநாசத்துக்கும் தஞ்சாவூருக்கும் நடுவில், விளக்குப் போடாமல் நின்றிருந்த நெல் லாரி ஒன்றின் மேல் மோட்டார் சைக்கிளோடு மோதி இறந்துபோனான். மறுநாள் காலை தஞ்சாவூரில் பெரிய ஆஸ்பத்திரியின் பிணவறைக்கு வெளியே காத்திருந்தோம். எங்களைப் போல இன்னும் இரண்டு குடும்பங்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. வெயில் ஏறிய பிறகு ஒரு இளம் பெண் டாக்டர் கதவைத் திறந்துகொண்டு வந்து, மதிவாணனுக்கு யார் வந்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். நான் போனேன். அந்த இடத்தில் நிற்கிறவர்கள் எல்லாரும் கேட்கிற கேள்வியைத்தான் நானும் கேட்டேன். ரொம்பக் கஷ்டப்பட்டானா?

அதற்கென்று ஒரு பதில் உண்டு. இல்லம்மா, அடிபட்ட உடனே போயிருக்கும். கேட்கிறவருக்கும் அந்தப் பதில்தான் வேண்டும். அதை வாங்கிக்கொண்டு போய் வீட்டில் இருக்கிற மற்றவர்களுக்கும் பங்கு கொடுக்க வேண்டும்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "கொஞ்ச நேரம் இருந்திருக்கும்மா," என்றாள். "ஆனா நெனவு தெளிவா இருந்திருக்காது."

கொஞ்ச நேரம். அந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? என் அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. தம்பி மனைவியிடமும் சொல்லவில்லை. காரியம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு உட்கார்ந்து எழுதினேன்.

அவளுக்கு இதயம் இருக்க வேண்டிய இடத்தில்

இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. நான் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. இதயம் இருக்க வேண்டிய இடத்தில் இதயம்தான் இருக்கும் என்று வருஷா வருஷம் பலகையில் படம் போட்டுக் காட்டுகிறவள்.


2

(இந்தப் பகுதி கட்டுரை மாதிரி இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். கதைக்குப் போகும் வழி இதுதான்.)

எங்கள் பள்ளியிலிருந்து அவ்வப்போது யாராவது மருத்துவக் கல்லூரிக்குப் போவார்கள். இடம் கிடைத்ததும் இனிப்போடு வருவார்கள். என்ன டாக்டராகப் போகிறாய் என்று கேட்டால் எல்லாரும் ஒரே மாதிரி இதய டாக்டர் என்பார்கள். ஐந்தாறு வருஷம் கழித்து மறுபடி வரும்போது பேச்சு மாறியிருக்கும். ஆஸிம் மயக்க மருந்துத் துறைக்குப் போனான். ஏன்டா என்று கேட்டதற்கு, நோயாளியின் சொந்தக்காரர்களிடம் பேச வேண்டியதில்லை டீச்சர் என்றான். ஒரு முறை அவனை வார்டில் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். ஷோபனா தோல் மருத்துவம் எடுத்தாள். தோல் வியாதிக்காரர்கள் யாரும் அவசரமாகச் செத்துப்போவதில்லை, அதனால் பிள்ளை பெற்றுக்கொண்டு வீட்டில் சோறு பொங்க முடியும் என்று அவள் மாமியார் கணக்குப் போட்டிருந்தாள்.

படிக்கும்போது எதில் ஆசை வந்தது என்பதை யாரும் காரணமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. ரேங்க் என்ன, எந்த ஊர், எத்தனை வருஷம், கல்யாணம் எப்போது, எதைக் கண்டால் பயம். இவ்வளவையும் கழித்துப் பார்த்தால் கடைசியில் ஒரு துறை மிஞ்சும். அதற்குப் பெயர் விருப்பம்.

அப்படியானால் பிணவறையைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் யார்? ரேங்க் இல்லாதவர்கள்தான் என்று நினைத்தேன். உயிரோடு இருக்கிறவர்களைக் கொடுக்க மறுத்துவிட்டார்கள், அதனால் செத்தவர்களிடம் வந்து நிற்கிறாள். என் கதைக்கு இது வசதியாக இருந்தது. சரிதானா என்று பார்த்துவிடலாமென்று, தம்பியின் சான்றிதழ் ஒன்றைச் சாக்காக வைத்து மறுபடியும் தஞ்சாவூருக்கு பஸ் ஏறினேன்.


3

அவள் பெயர் செம்மொழி. ஆஸ்பத்திரி கேண்டீனில் டீ வாங்கிக் கொடுத்தாள். நான் கதை எழுதுகிறவள் என்றும், அவளைப் பற்றித் தப்பாக எழுத ஆரம்பித்திருக்கிறேன் என்றும் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. என்ன தப்பு என்று மட்டும் கேட்டாள். ரேங்க் விஷயத்தைச் சொன்னதும் சிரித்தாள். அவளுடைய ரேங்குக்கு மகப்பேறு மருத்துவம் கிடைத்திருக்கும். குழந்தை மருத்துவமும் கிடைத்திருக்கும். விரும்பித்தான் சட்ட மருத்துவம் எடுத்தாள். சாவு எப்படி வந்தது என்று உடம்பைப் பார்த்துச் சொல்கிற படிப்பு. இப்போது அதில் இரண்டாம் வருஷம்.

அன்றைக்கும், பிறகு பல சனிக்கிழமைகளிலும் அவள் சொன்னவற்றைக் கோத்துத்தான் இனி எழுதுகிறேன்.

கீழ்வேளூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா இராஜாங்கம், அம்மா தங்கம்மாள். தாத்தா காலத்தில் அவர்களுக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம்கூட இல்லை. நிலக்காரர்கள் வாழ்ந்த பெரிய தெருவில் யாராவது இறந்தால் சம்பந்தி ஊர்களுக்கெல்லாம் நடந்துபோய்ச் சாவுச் சேதி சொல்வது தாத்தாவின் வேலை. வெள்ளமோ வெயிலோ, கூப்பிட்ட உடனே கிளம்ப வேண்டும். வாசலுக்கு வெளியே நின்று, பெயரைச் சொல்லி, இன்னார் தவறிட்டாங்க என்று சொல்லிவிட்டு அடுத்த ஊருக்கு ஓட வேண்டும். சின்ன வயதில் இராஜாங்கமும் கூடப் போயிருக்கிறார். ஒரு மழைக்காலத்தில் தாத்தா காய்ச்சலில் கிடந்தபோது, பெரிய தெருவிலிருந்து வந்த ஆள் மகனை அனுப்பச் சொன்னான். இராஜாங்கம் போக மாட்டேன் என்றார். அடித்தார்கள். வாங்கிக்கொண்டார், போகவில்லை. அதற்குப் பிறகு அவர்கள் தெருவிலிருந்து யாருமே போகவில்லை.

மூட்டை தூக்கி, களத்து வேலை பார்த்து, கடைசியில் பெரிய தெரு துரைராசுவின் நிலத்தையே குத்தகைக்கு எடுத்துக் குறுவையும் சம்பாவும் போட்டார். மகளுக்குச் செம்மொழி என்று பெயர் வைத்தார். அவள் டாக்டருக்குப் படிக்கப் போனதும் ஊரில் ஒருவர் விடாமல் சொல்லி வைத்துவிட்டார், எம்பொண்ணு பிரசவ டாக்டராகப் போகிறாள் என்று. அவரைப் பொறுத்தவரை அது மருத்துவத்தில் ஒரு பிரிவு இல்லை. சாவின் பக்கத்தில் நின்ற குடும்பம் பிறப்பின் பக்கத்துக்கு வருகிறது, அவ்வளவுதான்.

(இப்படி எழுதியதும் எனக்கே பயம் வந்தது. இந்த மனிதர் கதைக்கென்று அளவெடுத்துத் தைத்தது போல் இருக்கிறார். நானாக ஜோடித்தேன் என்று நினைப்பீர்கள். நேரில் பார்த்தபோது அவர் அப்படி இல்லை. குட்டையாக, லேசாகக் காது மந்தமாக, பிளாஸ்டிக் நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போடுகிற ஒரு மனிதர். அது பின்னால் வருகிறது.)


4

எம்.பி.பி.எஸ். முடித்ததும் செம்மொழி ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில் தற்காலிக டாக்டராகச் சேர்ந்தாள். ஊர்ப் பெயர் வேண்டாம். அப்படிப்பட்ட இடங்களில் சளி, காய்ச்சல், பாம்புக்கடி, பிரசவம் பார்க்கிற அதே டாக்டர்தான் போஸ்ட்மார்ட்டமும் செய்ய வேண்டும். படிக்கும்போது ஒரு ஓரமாக நின்று ஏழெட்டு பார்த்திருப்பார்கள். அவ்வளவுதான் பழக்கம்.

ஒருநாள் காலையில் கலைமகள் என்ற பெண்ணைக் கொண்டுவந்தார்கள். செம்மொழி வயதுதான். நடவு வேலைக்குப் போனவள் வீடு திரும்பவில்லை. தேடிப் பார்த்ததில், வாய்க்கால் மதகில் ஆகாயத்தாமரைக்கு அடியில் கிடந்தாள். தண்ணீரில் ஊறி உடம்பு வீங்கியிருந்தது. கழுத்தைச் சுற்றி ஒரு தடம் இருந்தது.

செம்மொழிக்கு அந்தத் தடம் என்னவென்று தெரியவில்லை. புத்தகத்தில் படித்ததெல்லாம் கழுத்தை நெரித்தால் தடம் விழும் என்பதுதான். சுற்றி இருந்தவர்கள் வழுக்கி விழுந்துட்டா என்று எழுதிக்கொடுக்கச் சொன்னார்கள். தெரியாததைத் தெரியும் என்று எழுத அவளுக்கு மனம் வரவில்லை. தஞ்சாவூருக்கு அனுப்பினாள். ஏன் என்று கலைமகளின் அம்மா அழுதுகொண்டே கேட்டபோது, கழுத்தில் ஒரு தடம் இருக்கிறது, பெரிய டாக்டர்கள் பார்த்துச் சொல்லட்டும் என்றாள். அவள் சொன்னது இவ்வளவுதான்.

வண்டி தஞ்சாவூர் போய்ச் சேர்வதற்கு முன்னால் ஊருக்குள் சேதி போய்விட்டது. கலைமகளின் அண்ணன்மார் அவள் புருஷன் சதீஷை இழுத்துப்போட்டு அடித்தார்கள். போலீஸ் வந்து அவனைக் கூட்டிப்போனது, அங்கேயும் அடி. அவனுக்கு ஒரு பக்கக் காது கேட்காமல் போயிற்று.

தஞ்சாவூரில் பார்த்தவர்களுக்கு அது ஒரு கஷ்டமும் இல்லை. கலைமகளுக்கு வலிப்பு உண்டு. வேலை முடிந்து வரும்போது வலிப்பு வந்து தண்ணீரில் விழுந்திருக்கிறாள். மூச்சுக்குழல் முழுக்க வாய்க்கால் சேறு. கழுத்துத் தடம் அவளுடைய தாலிக்கயிறுதான். உடம்பு வீங்க வீங்கக் கயிறு இறுகிப் பதிந்திருக்கிறது.

சதீஷை விட்டுவிட்டார்கள். ஆனால் ஊரில் யாரும் அறிக்கையை நம்பவில்லை. கலைமகளின் அம்மா பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லாரிடமும் அதையே சொன்னாள், டாக்டரம்மாவே சொன்னாங்களே கழுத்துல தடம் இருக்குன்னு. பிள்ளையைப் பார்க்க சதீஷை விடவில்லை. சில மாதங்கள் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு எங்கோ போய்விட்டான். திருப்பூர் என்கிறார்கள். யாருக்கும் தெரியாது.

செம்மொழி இதைச் சொன்னபோது குரல் மாறவில்லை. டீ கிளாஸை மேசையில் ஒரே இடத்தில் திருப்பிக்கொண்டே இருந்தாள். அன்றைக்கே, அங்கேயே, அந்தத் தடத்தைப் படிக்கத் தெரிந்த ஒருத்தி இருந்திருந்தால் என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை.


5

அன்றிரவே எழுதினேன்.

அந்தத் தடத்தைப் படிக்கக் கற்றுக்கொள்வதற்காகவே செம்மொழி தன் வாழ்க்கையை

அடுத்த சனிக்கிழமை இதை அவளிடம் படித்துக் காட்டியபோது முகம் சுளித்தாள். இதை அடித்துவிடுங்கள் என்றாள். அடிக்கவில்லை, பாதியில் நிறுத்தி, அப்படியே வைத்திருக்கிறேன்.

கலைமகள் ஒரு காரணம்தான், ஆனால் அது மட்டும் இல்லை என்றாள். பிரசவ வார்டில் வேலை பார்த்த மாதங்களில் அவள் சரியாகத் தூங்கியதே இல்லை.  உயிரோடு இருக்கிறவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு, காப்பாத்திடுவீங்கல்ல என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி அவளால் தாங்க முடியாதது. செத்தவர்கள் அதைக் கேட்பதில்லை. அப்புறம் இந்தத் துறையில் போட்டி கம்மி, தஞ்சாவூரிலேயே இடம் கிடைக்கும், வாரம் ஒருமுறை ஊருக்குப் போய் அம்மாவைப் பார்க்கலாம்.

"ஒரே காரணம் தேடாதீங்க டீச்சர். ஒரே காரணத்துல யாரும் சாகறதுகூட இல்ல."

அவள் தொழிலுக்கு ஏற்ற பேச்சு. எழுதி வைத்துக்கொண்டேன். ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தபோது, அவள் இந்தச் சின்னச் சின்னக் காரணங்களை கலைமகள் மேல் மண் அள்ளிப் போடுவது போலப் போட்டு மூடுகிறாளோ என்று தோன்றியது. ஒரு பாத்திரத்தைச் சந்தேகிப்பது எழுத்தாளருக்கு வழக்கம்தான். எதிரே உட்கார்ந்து டீ குடிக்கிற பெண்ணைச் சந்தேகிப்பது வேறு. அதனால் இரண்டையும் எழுதிவிட்டேன். எது கனமானது என்று நீங்களே தூக்கிப் பாருங்கள்.


6

மேல்படிப்புக்கு எந்தத் துறை, எந்த ஊர் என்று கம்ப்யூட்டரில் வரிசையாகக் குறித்து உறுதி செய்துவிட்டால் அதற்குப் பிறகு மாற்ற முடியாது. அன்றைக்குச் செம்மொழி வீட்டில்தான் இருந்தாள். சம்பா நடவு முடிந்த சமயம். இராஜாங்கம் வயலிலிருந்து வந்து, கால் சேற்றைக்கூடக் கழுவாமல், பதிஞ்சாச்சா என்று கேட்டிருக்கிறார். ஆச்சுப்பா என்றாள். என்னென்ன என்று கேட்டார். சொன்னாள்.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. அது என்ன வேலை என்று விளக்கச் சொன்னார். அவள் விளக்கினாள். போலீஸ், கோர்ட், நியாயம் என்றெல்லாம் பெரிய சொற்களாகச் சேர்த்துச் சொன்னாளாம். அவர் எல்லாவற்றையும் விலக்கிவிட்டு நடுவில் இருந்ததை எடுத்துக்கொண்டார்.

"எங்கப்பன் பொணத்துக்கு முன்னால ஓடுனாரு. நான் ஓட மாட்டேன்னு நின்னேன். நீ அதுக்கு உள்ளேயே போயி ஒக்காந்துக்கப் போறியா?"

தங்கம்மாள் அடுப்படியிலிருந்து வந்து, படிச்ச புள்ள, அதுக்குத் தெரியாதா என்றாள். அவர் கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

கலைமகள் விஷயத்தைச் செம்மொழி அப்பாவிடம் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டேன். அப்பா எனக்காக வருத்தப்படுவார், அது இதைவிடக் கஷ்டம் என்றாள்.

பிறகு ஊரில் யாராவது மகள் என்ன டாக்டர் என்று கேட்டால், தஞ்சாவூர்ல பெரிய டாக்டர் என்று மட்டும் சொல்வார். மகளோடு பேசாமல் இல்லை. போனில் சாப்டியா, மழையா என்று கேட்பார். வேலையைப் பற்றிக் கேட்க மாட்டார்.

கதை இங்கே முடிவதாகத்தான் இருந்தது. ஏற்கவும் முடியாத, விலக்கவும் முடியாத ஒரு தகப்பன். போனில் மழையைப் பற்றி ஒரு பேச்சு. எனக்குப் பிடித்த மாதிரியான முடிவு. ஒரு பத்திரிகைக்கு அனுப்பத் தயாராகவும் வைத்திருந்தேன்.


7

அப்போதுதான் வானதி இறந்தாள்.

வானதி துரைராசு வீட்டு மருமகள். பிறந்த ஊர் குத்தாலம். கல்யாணமாகிப் பல வருஷம். செம்மொழி கல்லூரிக்குப் போய்வந்த காலத்தில், பஸ்ஸில் பக்கத்து இடத்தில் பையை வைத்துப் பிடித்து, இங்க வந்து ஒக்காரு என்று கூப்பிடுவாள். பெரிய தெருவில் அப்படிக் கூப்பிட்டவள் அவள் ஒருத்திதான்.

கொல்லையில் பூப் பறிக்கப் போனபோது பாம்பு கடித்துவிட்டது என்று சொல்லி வானதியைக் காரில் போட்டுக்கொண்டு தஞ்சாவூருக்கு வந்தார்கள். வழியிலேயே உயிர் போய்விட்டது. செம்மொழி அன்றைக்கு வேலையில் இருந்தாள். மேசையில் யார் என்று பார்த்ததும் தன் பேராசிரியரிடம் சொன்னாள், எங்க ஊர்க்காரங்க என்று. வேண்டுமானால் வெளியே போய்விடு என்றார் அவர். அவள் இருந்தாள்.

பாம்பு கடிக்கவில்லை. பூச்சிமருந்து. உள்ளே போனது அதுதான். அவள் தானாகக் குடித்தாளா என்பதுதான் கேள்வி. மேல்கைகளிலும் தாடையிலும் விரல்கள் அழுத்திப் பிடித்த அடையாளங்கள் இருந்தன. (இதற்கு மேல் எழுத மாட்டேன். வழக்கு நடக்கிறது.)

பிணவறையில் வேலை பார்ப்பது யார் மகள் என்று துரைராசுவுக்குத் தெரியும். அவர் இராஜாங்கத்துக்கு ஆள் அனுப்பினார்.

இராஜாங்கம் பஸ் பிடித்துத் தஞ்சாவூருக்கு வந்தார். மகள் வேலை செய்கிற இடத்துக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. மத்தியானம். துரைராசுவின் ஆட்கள் கார் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். செம்மொழி வெளியே வந்தாள்.

இதை அவள் எனக்குப் போனில்தான் சொன்னாள். முதல் தடவையாகக் குரல் சரியாக இல்லை. அதனால் அப்படியே எழுதுகிறேன்.

"அவங்க அனுப்பித்தான் வந்தேன்," என்றாராம். "பாம்புன்னு எழுதச் சொல்றாங்க. வீட்டுல ஒரு கல்யாணம் நிச்சயமாயிருக்காம்."

இங்கே நிறுத்துகிறேன். அவள் சொல்லியிருக்கக்கூடிய ஒன்று உண்டு. அது பொய்யும் இல்லை. நான் படிக்கிறவதாம்பா, கையெழுத்துப் போடறது எங்க சார், என் கையில ஒண்ணும் இல்ல. இதை எடுத்துக்கொண்டு போய் அவர் கார் பக்கத்தில் நிற்கிறவர்களிடம் கொடுத்திருக்கலாம். கேட்டேன், அவ கையில இல்லியாம் என்று சொல்லியிருக்கலாம். குத்தகை நிலம் இருந்திருக்கும். ஒருவேளை அவர் எதிர்பார்த்து வந்ததே அந்த ஒரு வார்த்தையைத்தானோ என்னவோ. ஒரு பிரதியில் அவளை அப்படிச் சொல்லவைத்தும் எழுதிப் பார்த்தேன். எல்லாரும் பிழைத்தார்கள். ஆனால் அந்தப் பெண் செம்மொழியாக இல்லை.

"பாம்பு இல்லப்பா," என்றாள்.

"எனக்கும் தெரியும்," என்றார் அவர்.

"தெரிஞ்சுதான் வந்தியாப்பா?"

அவர் மகளைப் பார்த்தார். பிறகு திரும்பி நடந்தார். அந்த வார்த்தை வாயிலிருந்து விழுந்த உடனே அவளுக்குத் தெரிந்துவிட்டதாம், அதைத் திருப்பி எடுக்க முடியாது என்று. கூப்பிட்டாள். அவருக்குக் காது மந்தம். கேட்காததால் நிற்கவில்லையா, கேட்டும் நிற்கவில்லையா என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது.

கார் பக்கத்தில் போய் இராஜாங்கம் சொன்னது இவ்வளவுதான். "கேட்டேங்க. அவ செய்ய மாட்டா."


8

அறிக்கை உள்ளபடி போனது. குத்தாலத்திலிருந்து வானதியின் பெற்றோர் வந்து புகார் கொடுத்தார்கள். துரைராசுவின் மகனைப் பிடித்தார்கள், ஜாமீனில் வந்துவிட்டான். நிச்சயமான கல்யாணம் நின்றது.

கோடையில் துரைராசு வீட்டிலிருந்து ஒரு ஆள் வந்து, இந்த வருஷத்திலிருந்து நிலத்தை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனான். எழுத்தில் ஒன்றும் இல்லாத குத்தகை. இராஜாங்கம் சரி என்றாராம்.

குறுவைக்குத் தண்ணீர் வந்த பிறகு நான் அங்கே போனேன். செம்மொழி போகச் சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. ஊர் முழுக்க உழவு நடந்துகொண்டிருந்தது. இராஜாங்கம் வேறு யாருடைய வயலிலோ நாற்றுக்கட்டு சுமந்துவிட்டுக் கரையேறி வந்தார். எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கடையிலிருந்து கலர் சோடா வாங்கிவரச் சொன்னார். நான் யார் என்று சொன்னதும் என் தம்பியைப் பற்றி விசாரித்தார், அந்த ரோட்டுல லாரியை நிறுத்துறவனுங்களைக் கேக்க ஆளில்ல என்றார். மகளைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. தஞ்சாவூரில் அந்த மத்தியானத்துக்குப் பிறகு அவர் அவளோடு பேசவே இல்லை. போன் வந்தால் தங்கம்மாள்தான் எடுக்கிறாள்.

அவர் மாட்டுக்குத் தண்ணி காட்ட எழுந்து போனபோது தங்கம்மாளிடம் கேட்டேன், இன்னும் கோபமா என்று.

"கோவமில்ல டீச்சரம்மா. கூச்சம். மவ மூஞ்சியப் பாக்கக் கூச்சப்படுது அந்த மனுசன்."

நிலம் போனதைக்கூட அவர் ஒருநாளும் பேசியதில்லை என்றாள். போகமாட்டேன் என்று அடி வாங்கின ஆளு, வயசாகி, அவங்க கூப்பிட்டதும் பஸ் ஏறிப் போனதைத்தான் நினைத்து நினைத்துப் பார்க்கிறார் என்றாள். போகாதே என்று தானாவது தடுத்திருக்கலாம், நிலத்தை நினைத்து வாயை மூடிக்கொண்டேன் என்றும் சொன்னாள்.

நான் கிளம்பும்போது இராஜாங்கம் பஸ் நிறுத்தம் வரை கூட வந்தார்.  பஸ் தூரத்தில் தெரிந்த பிறகு, என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அவ எழுதுனது கோர்ட்டுல நிக்குமா?"

எனக்குத் தெரியவில்லை என்றேன்.

"நிக்கணும்," என்றார்.


9

இதைச் செம்மொழியிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்க வேண்டுமோ என்று இப்போதும் யோசிக்கிறேன். எழுதுகிறவர்கள் பாத்திரங்களுக்கு நடுவில் சேதி கொண்டுபோகக் கூடாது. ஆனால் இவர்களில் ஒருத்தி எனக்கு டீ வாங்கித் தந்தவள், இன்னொருவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டவர்.

அவள் மூன்றாம் வருஷத்துக்கு வந்துவிட்டாள். முடித்ததும் ஏதாவது தாலுகா ஊர்ப் பக்கமே வேலை கேட்கப்போவதாகச் சொல்லியிருந்தாள். அவளைப் பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள், என்ன டாக்டர் என்று கேட்டுவிட்டுத் தகவல் சொல்லி அனுப்புகிறோம் என்று போய்விட்டன. சோர்ந்துபோயிருந்தாள். கைகழுவிக் கழுவி விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது.

பிறகு கேட்டாள், இதை எப்படி முடிக்கப்போகிறீர்கள் என்று.

என்னிடம் மூன்று முடிவுகள் இருந்தன. ஒன்றில் வழக்கு ஜெயிக்கிறது, தீர்ப்பு வந்த அன்று அப்பா போன் செய்கிறார். அது பத்திரிகைச் செய்தி மாதிரி இருந்தது. இன்னொன்றில் அவர் இறந்துபோகிறார். எங்கே, யார் மேசையில் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். அதை எழுதி முடித்ததும் எனக்கே என் கையைப் பிடிக்கவில்லை, கிழித்தேன். மூன்றாவதுதான் உண்மையில் நான் எழுத விரும்பியது. அவர் ஒருநாள் காலையில் யாரும் அனுப்பாமல், தானாகக் கிளம்பி, தஞ்சாவூர் பஸ்ஸில் ஏறுகிறார். ஆஸ்பத்திரி வாசலில் இறங்குகிறார். மகள் வெளியே வரும்வரை மற்றக் குடும்பங்களோடு சேர்ந்து காத்திருக்கிறார்.

அதைப் படித்துக் காட்டினேன். நன்றாகத்தான் எழுதியிருந்தேன். அவள் கண்கள் கலங்கின. ஆனால் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"இத எழுதாதீங்க டீச்சர். எழுதிட்டீங்கன்னா வந்துட்ட மாதிரி ஆயிடும். படிக்கிறவங்க மனசு ஆறிப்போயிடும், உங்களுக்கும் ஆறிப்போயிடும்." கண்களைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு அப்பா நெசமா வரணும்."

உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். எழுந்து போய்விட்டாள்.


10

ஆகவே அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டேன்.

ஆனால் உங்களை எனக்குத் தெரியும். படித்துக்கொண்டு வரும்போதே நீங்கள் அவரைக் கிளப்பியிருப்பீர்கள். வெள்ளை வேட்டி கட்டவைத்து, தங்கம்மாளை வாசலில் நிறுத்தி, கீழ்வேளூரில் பஸ்ஸும் ஏற்றிவிட்டிருப்பீர்கள். அவர் இப்போது ஜன்னலோரம் உட்கார்ந்து அடுத்தவர்கள் வயலைப் பார்த்துக்கொண்டு வருகிறார், இல்லையா?

தயவுசெய்து இறக்கிவிட்டுவிடுங்கள். அவராக ஏறட்டும்.